நிஜத்துல அப்படிக் கிடையாது

நிஜத்துக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பார்க்காவிட்டாலும் காதால் கேட்டிருப்பீர்கள். சினிமாக் கொட்டகையில் விளக்கை அணைத்ததும் இவர்கள் பிரகாசிக்கத் தொடங்குவார்கள். திரையில் ஒரு டாக்டர் நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்க்கிறார், கட்டில் ஓரத்தில் மனைவி மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறாள், திரைக்குக் கீழே பியானோக்காரர் ஒரே கட்டையைத் தடவிக்கொண்டிருக்கிறார், கொட்டகை முழுவதும் கைக்குட்டையைத் தேடுகிறது, அந்தச் சமயம் பார்த்து மூன்றாவது வரிசையில் யாரோ தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார். "நிஜத்துல அப்படி நாடி பார்க்க மாட்டாங்க."

தீர்ந்தது. இனி நோயாளி பிழைத்தால் என்ன, போனால் என்ன?

சொன்னவர் டாக்டராக இருப்பார், அல்லது டாக்டருக்கு மைத்துனராக இருப்பார், அதுவும் இல்லையென்றால் எப்போதோ ஒருமுறை காய்ச்சலில் படுத்தவராக இருப்பார். கப்பல் வந்தால் ஒரு மாலுமி முளைப்பார். கோர்ட் வந்தால் ஒரு வக்கீல் குமாஸ்தா. கதாநாயகி ரொட்டி அறுத்தால்கூட ரொட்டிக்கடைக்காரர் ஒருவர், "கத்தியை அப்படிப் பிடிச்சா கட்டைவிரல் போயிடும்" என்று மனைவியிடம் கொட்டகைக்கே கேட்கும்படி ரகசியம் சொல்வார். இவர்களுக்குப் பொய் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். பொய் இல்லாவிட்டால் இவர்கள் எதைத் திருத்துவது?

ஊமைப் படங்களின் காலம் இந்த இனத்துக்குப் பொற்காலமாக இருந்தது. திரையில் யாரும் பேசாததால், அந்த இடம் தங்களுக்காகத்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று மனப்பூர்வமாக நம்பினார்கள். எங்கள் கோபன்ஹேகனில் அப்போது தெருவுக்கு ஒரு கொட்டகை, கொட்டகைக்கு நாலு நிஜத்துக்காரர். அவர்களுக்கெல்லாம் தலைவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால், கிறிஸ்டியான்ஸ்ஹாவ்ன் கால்வாய் ஓரத்தில் மாடிமேல் குடியிருந்த ஓவியர் ஓஸ்வால்ட் பிராண்ட்ரப்பைத்தான் சொல்ல வேண்டும்.

இதைப் பெத்ரேயாவைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. பத்து வருஷத்துக்கு மேலாக அவள் அவருடைய மாடல். புயலில் புருஷனைப் பறிகொடுத்த மீனவப் பெண்ணாக நின்றிருக்கிறாள். புனிதவதியாக வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் பக்கவாட்டிலேயே நடந்திருக்கிறாள். ஜனவரிக் குளிரில் வசந்த தேவதையாக உட்கார்ந்திருக்கிறாள். மற்ற நேரத்தில் கஞ்சி காய்ச்சினாள், தூரிகை கழுவினாள், வாடகை கேட்டு வீட்டுக்காரர் வந்தால் ஓவியர் வெளியே போயிருக்கிறார் என்று சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. ஒருநாளும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. அன்பாகவும் ஒன்று சொன்னதில்லை என்பதுதான் விஷயம். "கழுத்தை அசைக்காதே" என்பார். இத்தனை வருஷத்தில் அவள் முகத்தைப் பார்த்து அவர் மிக அதிகமாகச் சொன்ன வார்த்தை அதுதான்.

அவள் அக்கா ஓடென்ஸே என்ற வெளியூரில் தொப்பிக் கடை வைத்திருந்தாள். பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வி. "நீ அங்க யாருடி? வேலைக்காரியா, வீட்டுக்காரியா, இல்ல சுவத்துல மாட்டின படமா? என்கூட வந்துடு, கடையில ஆள் வேணும்." ஈஸ்டர் கழியட்டும், யோசித்துச் சொல்கிறேன் என்று பெத்ரேயா சொல்லியிருந்தாள். யோசிப்பதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. ஒரு வார்த்தை வருமா என்று காத்திருந்தாள், அவ்வளவுதான்.

வார்த்தை வரவில்லை. சினிமாக் கம்பெனி வந்தது.

வால்பியில் கண்ணாடிக் கூரை போட்ட படப்பிடிப்புக் கொட்டகை ஒன்றில், லௌரிட்ஸ் மோன்பெர்க் என்ற டைரக்டர் ஓர் ஓவியனையும் அவன் மாடலையும் பற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஏழை ஓவியன் ஏழைப் பெண்ணை வரைகிறான். படம் பேர் வாங்குகிறது. ஒரு சீமாட்டி வண்டியில் வந்து இறங்குகிறாள். ஓவியனுக்குப் பழையது மறந்துபோகிறது. எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது, ஒன்றைத் தவிர. கதாநாயகன் தோர்கில்ட் லிண்ட் அழுதால் பெண்கள் மயங்கி விழுவார்கள். ஆனால் தூரிகையைக் கையில் கொடுத்தால் சூப் கரண்டியைப் போலப் பிடிப்பார். அதனால் கம்பெனி ஒரு நிஜ ஓவியரைத் தேடியது. முகம் லிண்டுடையது, வரையும் கையும் முதுகும் பிராண்ட்ரப்புடையது என்று ஏற்பாடு. இருவருக்கும் ஒரே மாதிரி வெல்வெட் கோட்டு, ஒரே மாதிரி அகன்ற தொப்பி.

கையையும் முதுகையும் மட்டும் கூப்பிட்டார்கள். வாயும் கூடவே வந்துவிட்டது.

ஓவியன் வெல்வெட் கோட்டுப் போட்டுக்கொண்டு வரைய மாட்டான், டர்பென்டைன் பட்டால் பாழாகிவிடும் என்றார். படச் சட்டத்தில் துணியை முன்பின்னாக மாற்றி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள் என்றார். வெளிச்சம் மாறாமலிருக்க ஜன்னல் வடக்கே வேண்டும் என்று சொல்லி, சூரியனுக்காகக் கட்டப்பட்ட கொட்டகையையே திருப்பி வைக்கலாமா என்று விசாரித்தார். மாடலாக நடித்த ராக்னா என்ற பெண் பட்டுச் சால்வை போர்த்தியிருந்ததைப் பார்த்துவிட்டு, நிஜ மாடலுக்குப் பட்டு ஏது என்று கேட்டு, மதிய ரொட்டி கொண்டுவந்த பெத்ரேயாவின் பக்கம் கையை நீட்டினார். "உன் சால்வையைக் கொஞ்சம் குடு." மூலையில் தைத்துத் தைத்துப் பழசாகிப்போன சாம்பல் நிறக் கம்பளிச் சால்வை அது. பெத்ரேயா கொடுத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பிறகு அந்த உருவப்படம். கதையில் பேர் வாங்கப்போகும் படத்தை அவரே வரைந்தார்: நீல உடை, சிவந்த உதடு, பார்த்தால் பேசும். காமிராக்காரர் ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"சார், இந்த ஃபிலிம்ல சிவப்பு கறுப்பா விழும். நீலம் வெள்ளையாப் போயிடும். அதனாலதான் இவங்க எல்லாரும் மூஞ்சில மஞ்சள் அப்பிக்கிட்டு நிக்கறாங்க."

"உதடு நிஜத்துல என்ன கலர்?"

"சிவப்புதான்."

"அப்புறம் என்ன?"

அப்புறம் என்னவா? மறுநாள் போட்டுப் பார்த்தபோது, தார் குடித்த வாயோடு, உடை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லாமல், ஒரு ஆவி எல்லாரையும் பார்த்துச் சிரித்தது. ராக்னா நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிராண்ட்ரப் அசரவில்லை. "நிஜம் சரியாத்தான் இருக்கு. ஃபிலிம்தான் தப்பு" என்றார். பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் உதட்டுக்கு மஞ்சள் பூசிக் கொடுத்ததைப் பெத்ரேயா பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

லிண்ட் அழும் காட்சியில்தான் பெரிய ரகளை. "ஓவியன் மாடலுக்காக அழ மாட்டான், லிண்ட் சார்" என்று அவர் காமிரா ஓடிக்கொண்டிருக்கும்போதே சொன்னார். "வெளிச்சம் போனாத்தான் அழுவான். பாதிப் படத்துல சூரியன் மறைஞ்சா, அப்ப அழுவான். அதான் நிஜம்."

"எனக்கு அதெல்லாம் வராது" என்றார் லிண்ட், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பொண்ணு போனாத்தான் எனக்கு அழுகை வரும்."

இப்படியாகப் படத்தின் முடிவை எடுக்கும் நாள் வந்தது. ஒரு முடிவு அல்ல, இரண்டு. எங்கள் ஊர்க் கம்பெனிகளில் அது வழக்கம். உள்ளூருக்கும் மற்ற தேசங்களுக்கும் கல்யாணம். ருஷ்யாவுக்கு மட்டும் சாவு. ருஷ்யாக்காரர்கள் அழுத கண்ணோடு வெளியே வராவிட்டால் படம் பார்த்ததாகவே நினைக்கமாட்டார்கள் என்று இங்கே எல்லாருக்கும் நம்பிக்கை. அதனால் காலையில் நடிகை மாலையும் கழுத்துமாக நிற்பாள், சாயங்காலம் அதே நடிகை விஷக் கோப்பையோடு சாய்ந்து கிடப்பாள். வேலைக்கு வந்ததும் ராக்னா கேட்கும் முதல் கேள்வியே, "இன்னிக்கு வாழ்வா, சாவா?" என்பதுதான்.

அன்றைக்கு முதலில் வாழ்வு. ஏப்ரல் மாதத்து மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. காமிராவை வெளியே முற்றத்தில், வெளிவாசல் கதவைப் பார்த்து நிறுத்தியிருந்தார்கள். மாடல் கோபித்துக்கொண்டு கதவை நோக்கிப் போக வேண்டும். ஓவியன் பின்னால் ஓடிப்போய் மண்டியிட்டு, என்னைக் கல்யாணம் செய்துகொள் என்று கெஞ்ச வேண்டும். பெத்ரேயா ஒரு கவிழ்த்த பெட்டியின்மேல் உட்கார்ந்து, ரொட்டிப் பெட்டியை மடியில் திறந்து, கறுப்பு ரொட்டியில் காடியில் ஊறப்போட்ட ஹெர்ரிங் மீனை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நிஜத்துல அப்படி நடக்காது, மோன்பெர்க் சார்" என்றார் பிராண்ட்ரப்.

மோன்பெர்க் கண்ணை மூடித் திறந்தார். "எது நடக்காது? ஓடறதா, மண்டி போடறதா?"

"ரெண்டும்தான். மாடல் பின்னாடி ஓவியன் ஓட மாட்டான். அவளைக் கல்யாணமும் பண்ணிக்க மாட்டான்."

"ஏன், பிடிக்காதா?"

"பிடிக்கும், பிடிக்காதுன்னு இல்ல. தோணாது."

"சரி. அப்ப ருஷ்யா முடிவு? அவ விஷம் குடிக்கறாளே, அதாவது நிஜமா?"

"அதுவும் கிடையாது. மாடல் இதுக்கெல்லாம் சாக மாட்டா."

"பின்ன என்னதான்யா ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. இருப்பா." பிராண்ட்ரப் ஒரு ரொட்டித் துண்டுக்காகத் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினார். "காலைல வருவா, உட்காருவா, அடுப்பைப் பார்த்துப்பா. அவன் எங்க போனாலும் திரும்பி வந்தா அவ இருப்பா. அதான் நிஜம்."

நீட்டிய கையில் ரொட்டி விழவில்லை.

யாரும் பெத்ரேயாவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எல்லாரும் மிகவும் பாடுபட்டார்கள். முகத்தை வைத்தே பிழைப்பு நடத்தும் லிண்டுக்கு அப்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பெத்ரேயாவுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் அழுதிருப்பாள், அழுதிருந்தால் தங்கியிருப்பாள். காலையில் அடுப்பைக் கிளறிவிட்டு வந்தோமே, அது எதற்கு என்று மட்டும் தோன்றியது. இத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை வந்தேவிட்டது. இருப்பா.

அவள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மோன்பெர்க் சார், நான் ஒண்ணு சொல்லலாமா? மாடல் வேலையில கொஞ்ச நாள் இருந்திருக்கேன்."

"சொல்லுங்கம்மா."

"பிராண்ட்ரப் சார் சொன்னதுல முக்கால்வாசி சரி. அவன் ஓட மாட்டான். அவளும் விஷமெல்லாம் குடிக்க மாட்டா. ஆனா இருப்பான்னாரே, அது மட்டும் நிஜத்துல அப்படிக் கிடையாது."

"பின்ன என்ன பண்ணுவா?"

"சால்வையை எடுத்துக்குவா. ஓடென்ஸேல அவ அக்கா தொப்பிக் கடை வெச்சிருக்கா. அங்க போயிடுவா."

ராக்னாவின் தோளிலிருந்து சால்வையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். ராக்னா தோளைத் தாழ்த்திக் கொடுத்தாள். ரொட்டிப் பெட்டியைப் பிராண்ட்ரப்பின் நீட்டிய கையில் வைத்தாள். "ஹெர்ரிங்கைச் சாப்பிட்டுடுங்க, வெயில்ல கெட்டுப்போயிடும்" என்றாள். காற்றுக்காகச் சால்வையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

இந்த இடத்தில் வேறொரு மனிதராக இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? பிராண்ட்ரப் சொன்னது இதுதான்: "அந்தச் சால்வை இல்லாட்டி முன்காட்சியோட பொருந்தாதே."

"சால்வையா சார் போகுது?" என்றாள் ராக்னா.

அவர் திரும்பி, பெத்ரேயா உட்கார்ந்திருந்த பெட்டியைப் பார்த்தார். அதன்மேல் யாரும் இல்லை. அந்த நிமிஷம் உங்களுக்கு என்ன ஆயிற்று என்று பிற்பாடு பெத்ரேயா எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் வந்தது. "வெளிச்சம் போன மாதிரி இருந்தது."

பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம் பெத்ரேயாவுக்குக் கேட்டது. சால்வைக்காகக் கம்பெனி ஆள் வருகிறான் என்று நினைத்துக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். வெல்வெட் கோட்டும் தொப்பியுமாகப் பிராண்ட்ரப் வந்துகொண்டிருந்தார். ரொட்டிப் பெட்டி இன்னும் கையில் இருந்தது. வாசலுக்குப் பக்கத்தில் மழைச் சேறு; கால் வழுக்கியது; இரண்டு முழங்காலும் சேற்றில் பதிய அவள் முன்னால் வந்து நின்றார், நின்றார் என்றா சொல்வது, கிடந்தார். விழுந்தது வழுக்கித்தான். எழுந்திருக்காமல் இருந்தது அவராக.

"எழுந்திருங்க. கோட்டு கம்பெனியோடது."

"போகாதே, பெத்ரேயா."

"ஏன் போகக் கூடாது?"

"நான் தப்பாச் சொல்லிட்டேன்."

இந்த வார்த்தை அந்த வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை. அதனால் கொஞ்சம் நின்றாள்.

"எதைத் தப்பாச் சொன்னீங்க?"

"எல்லாத்தையும். கல்யாணம் பண்ணிக்கலாம்."

"தோணாதுன்னீங்களே."

"தோணலதான். இத்தனை வருஷமாத் தோணல. நான் முட்டாள்." அவருக்குக் கண்ணும் மூக்கும் சேர்ந்து ஒழுகின. துடைத்துக்கொள்ளக் கை இல்லை. ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் அவள் சால்வை முனை. "நீ இல்லாம எனக்கு எதுவும் தெரியல. எதை வரையறதுன்னு தெரியல. அடுப்பை எப்படி மூட்டறதுன்னும் தெரியல."

"அடுப்புக்காகவா?"

"இல்ல. உனக்காக."

பெத்ரேயாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உடனே கையைக் கொடுத்துத் தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை. அசையாமல் உட்கார் என்று எத்தனை மணி நேரம் அவளை வைத்திருப்பார். அவரும் கொஞ்சம் இருக்கட்டும் என்று இருக்கவிட்டாள். பிறகுதான் கையை நீட்டினாள்.

அப்போதுதான் காப்பிக்கொட்டை அரைப்பது போன்ற சத்தம் அவள் காதில் பட்டது. முற்றத்தில் காமிராக்காரர் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மோன்பெர்க் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டே, இன்னொரு கையால் நிறுத்தாதே, சுற்று, சுற்று என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார். அவள் புரிந்துகொண்டாள். தூரத்திலிருந்து அவருடைய முதுகுதான் தெரியும். கோட்டும் தொப்பியும் லிண்டுடையவை போலவே இருக்கின்றன. இவளோ சால்வையை முக்காடாகப் போட்டிருக்கிறாள், அதுவும் படத்தில் வந்த சால்வை. நிஜம் நிஜம் என்று அவர் கேட்டு வாங்கி வைத்ததெல்லாம் அன்றைக்கு உதவிக்கு வந்தது. அழுகையில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. பெத்ரேயாவும் சொல்லவில்லை. மோன்பெர்க்கிடம் மட்டும் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

கோடையில் கல்யாணம் நடந்தது. இலை உதிரும் காலத்தில் படம் வந்தது. வெஸ்டர்ப்ரோவில் ஒரு கொட்டகையில், அக்கா அனுப்பிய புதுத் தொப்பியோடு பெத்ரேயா தன் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். எந்த வரிசை என்று நான் சொல்ல வேண்டுமா?

அவர் தூரிகையைப் பற்றிச் சொன்னார். சீமாட்டி வண்டியின் குதிரையைப் பற்றிச் சொன்னார். முன்வரிசையில் ஒரு கிழவர் இரண்டு தடவை திரும்பி முறைத்தார். பெத்ரேயா முடிவுக்காகக் காத்திருந்தாள். வந்தது. ஈர முற்றம், வெளிவாசல், முக்காடிட்ட ஒரு பெண். பின்னால் ஒருவன் ஓடுகிறான், விழுகிறான், எழுந்திருக்க மறுக்கிறான். அவனுடைய தோள்கள் குலுங்குகின்றன. கொட்டகையில் பியானோக்காரரே வாசிப்பதை மறந்துவிட்டார். முன்வரிசைக் கிழவர் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டார். பெத்ரேயா பக்கத்தில் இருந்த கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் இருந்தவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இதைப் பாரு பெத்ரேயா. நிஜத்துல எந்த மனுஷனும் இப்படி விழ மாட்டான். இந்த லிண்டுக்கு எப்பவுமே கொஞ்சம் மிகைதான்."

கொட்டகை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மனிதர் கண்ணாடியில் முகத்தைப் பார்த்திருக்கிறாரே தவிர, தம் முதுகைப் பார்த்ததே இல்லை.

"ஆமா" என்றாள் பெத்ரேயா. "நிஜத்துல மூக்கும் ஒழுகிச்சு. அவன் இடது கையில என்ன இருக்குன்னு பாருங்க, ஓஸ்வால்ட்."

பார்த்தார். ரொட்டிப் பெட்டி இருந்தது. வாயைத் திறந்தார், திறந்த வாய் அப்படியே நின்றது. அதற்குப் பிறகு விளக்கு போடும்வரை அவரிடமிருந்து ஒரு சத்தம் இல்லை. பிடித்திருந்த கையை மட்டும் விடவில்லை. ஒரு படத்தைத் திருத்தம் இல்லாமல் அவர் முடித்துவைத்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்குப் போகும் வழியில் பாலத்தைத் தாண்டும்போது மெதுவாகச் சொன்னார்: "இருந்தாலும் தூரத்தைக் குறைச்சுட்டாங்க. நிஜத்துல நான் இன்னும் ரொம்ப தூரம் ஓடினேன்."

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இவ்வளவு தூரம் படித்து வருகையில், ஊறப்போட்ட ஹெர்ரிங் அரை நாள் வெயிலில் கெட்டுப்போகுமா என்று உங்களுக்கு ஒரு சின்ன அரிப்பு எடுத்ததா, இல்லையா? அழுதுகொண்டு ஓடுகிறவன் ரொட்டிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டா ஓடுவான் என்று தோன்றியதா? யாரிடமாவது சொல்லலாம் என்று தலையைத் திருப்பினீர்களா?

திருப்பியிருந்தால், திருப்பினபடியே இருங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை ஒரு நிமிஷம் பாருங்கள். எப்போது திரும்பினாலும் அங்கே இருப்பார் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?